உலகம் முழுக்க கோப்ளினா? ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸில் நாகரிகச் சமநிலை கெட்டால் பார்க்க வேண்டியவை

பாலக்கோட்டில் இருக்கும் என் சித்தப்பா மகன் வாரம் ஒரு முறையாவது இரவு பத்து மணிக்கு மேல் போன் செய்வான். "அண்ணா, மறுபடியும் அதே கதைதான். ஐந்நூறு வருசம் ஓட விட்டேன். எங்க பாத்தாலும் கோப்ளின். குள்ளருங்களுக்கு ஒரே ஒரு ஊரு மிச்சம், அதுலயும் ராஜா இல்ல." நான் முதலில் கேட்பது, "என்னடா மாத்தின?" அவன் பதிலும் மாறாது: "எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் மாத்திப் பாத்தேண்ணா."

அங்கேதான் கோளாறு தொடங்குகிறது. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று சொல்ல அந்த ஆட்டத்தை எழுதியவர்களாலும் முடியாது. ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற கணினி விளையாட்டு ஒவ்வொரு முறையும் மலை, மழை, ஆறு எல்லாவற்றையும் புதிதாகச் செய்து, அதன்மேல் குள்ளர், மனிதர், எல்ஃப், கோப்ளின், கோபால்டு எனப் பல இனங்களை இறக்கி, பல நூறு ஆண்டு வரலாற்றை ஓட்டி முடித்த பிறகே உலகத்தை நம் கையில் கொடுக்கிறது. டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்ற அண்ணன் தம்பி இருவர் 2006-இல் வெளியிட்டு இன்றுவரை வளர்த்துவரும் ஆட்டம். நான் வெறும் எழுத்துக்குறிகளால் ஆன பழைய இலவசப் பதிப்பில் பழகியவன். தம்பி 2022 டிசம்பரில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் படங்களோடு வந்த பதிப்பில் உள்ளே வந்தவன். திரைதான் வேறு, உள்ளே ஓடும் வரலாறு ஒன்றே.

அவனுக்காக நோட்டில் எழுதிவைத்த குறிப்புகளைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். உங்கள் உலகத்தில் தெரியும் அறிகுறியைப் பார்த்து நேராக அந்தப் பகுதிக்குப் போகலாம். ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். ஓர் இனம் ஜெயித்துக்கொண்டே இருந்தால் உடனே அதன் கையைக் காலை ஒடிக்கத் தோன்றும். அதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் தோற்றவர்களுக்கு நிற்க நிலம் இருந்ததா, எவ்வளவு காலம் ஓட விட்டீர்கள் என்ற இரண்டையும் பாருங்கள்.

எதையும் தொடும் முன்: நிலமா, தலையெழுத்தா?

உலகம் செய்யும் விரிவான அமைப்புத் திரையில் நான்கு விதை எண்கள் உண்டு. அதே எண்ணை அதே அமைப்போடு கொடுத்தால் அதே விளைவு திரும்ப வரும். உலகத்துக்கு ஒன்று, வரலாற்றுக்கு ஒன்று, பெயர்களுக்கு ஒன்று, உயிரினங்களுக்கு ஒன்று. பலரும் இவற்றைக் கண்டுகொள்வதே இல்லை. நோய் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி கிடையாது என்பது என் எண்ணம்.

கெட்டுப்போன உலகத்தின் நான்கு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். உலக விதையையும் மற்ற அமைப்புகளையும் அப்படியே வைத்து, வரலாற்று விதையை மட்டும் மாற்றி மூன்று முறை ஓட்டுங்கள். அதே மலை, அதே ஆறு, அதே காடு; நடக்கும் கதை மட்டும் வேறு. மூன்றிலும் கோப்ளினே உலகத்தை விழுங்கினால் கோளாறு நிலத்தில், அல்லது நீங்கள் கொடுத்த கால அளவில் இருக்கிறது. ஒன்றில் மட்டும் விழுங்கி மற்ற இரண்டில் மனிதர்களும் குள்ளர்களும் ஓரளவு தாக்குப்பிடித்தால் அது அந்த உலகத்தின் தலையெழுத்து. அமைப்பை நோண்டாமல் வேறு வரலாற்றை எடுத்துக்கொண்டு விளையாடப் போகலாம். ஆட்டத்தின் பதிப்பு மாறினால் பழைய விதை எண் பழைய உலகத்தைத் தராது என்பதால் பதிப்பு எண்ணையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

அடுத்தது லெஜண்ட்ஸ், அதாவது ஓடி முடிந்த வரலாற்றைப் படிக்கும் பகுதி. உலகம் உருவானதும் ஊர் அமைக்கப் போகாமல், சேவ் கோப்புறையை ஒரு நகல் எடுத்துவிட்டு லெஜண்ட்ஸில் திறந்து பாருங்கள். யார் யாரோடு சண்டை போட்டார், எந்த ஊர் எப்போது விழுந்தது, எந்த அரசன் எந்த மிருகத்தின் வாயில் போனான் என எல்லாம் அங்கே பதிந்திருக்கும். தர்மபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிறுத்தியிருக்கும் நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆநிரை மீட்கப் போய் இன்னார் பட்டார் என்று ஒரு கல் சொல்லும். ஒரு கல்லை வைத்து எதுவும் தெரியாது. ஒரே வட்டாரத்தில் இருபது கல் கிடைத்தால் அங்கே எல்லைச் சண்டை ஓயாமல் நடந்தது என்று புரிந்துவிடும். லெஜண்ட்ஸையும் அப்படித்தான் படிக்க வேண்டும். தனித்தனிச் சாவுகளை விட்டுவிட்டு, ஊர்கள் எந்தத் திசையில், எந்த ஆண்டிலிருந்து விழத் தொடங்கின என்று பாருங்கள்.

இங்கே எல்லாரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இனவாரியாக எண்ணாதீர்கள், நாகரிகவாரியாக எண்ணுங்கள். உலகத்தில் ஆயிரக்கணக்கில் குள்ளர்கள் இருப்பதாகக் கணக்கு காட்டும். உள்ளே போய்ப் பார்த்தால் பாதிப் பேர் கோப்ளின் கோட்டையில் கோப்ளின் படையாளாக இருப்பார்கள். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

அறிகுறி: கோப்ளின் உலகத்தை விழுங்கிவிட்டது

அதிகம் வரும் புகார் இது. கோப்ளின் பலசாலி என்பதால் ஜெயிக்கிறது என்று நினைப்பார்கள். ஒரு கோப்ளினும் ஒரு குள்ளனும் நேருக்கு நேர் மோதினால் குள்ளனின் எஃகுக் கவசத்தின் முன் கோப்ளின் பெரிய ஆள் இல்லை. அது ஜெயிப்பது காலத்தால்.

குள்ளர்கள் 150 முதல் 170 வயதுக்குள் முதுமையில் இறந்துவிடுவார்கள். மனிதர்களுக்கு 60 முதல் 120. கோப்ளினுக்கு முதுமைச் சாவே கிடையாது. சோறும் தண்ணீரும்கூட வேண்டாம். பஞ்சம் அவர்களைத் தொடாது, வயது தொடாது. போரில் வெட்டினால்தான் சாவு. போதாததற்கு மற்ற இனத்துக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் ஊரில் வளர்ப்பார்கள். மேலே சொன்ன குள்ளப் படையாட்கள் அப்படி வந்தவர்களும் அவர்களின் வாரிசுகளும்தான். தலைமையில் பெரும்பாலும் பாதாளத்திலிருந்து ஏறி வந்த ஓர் அரக்கன் உட்கார்ந்திருப்பான். அவனுக்கும் முதுமை இல்லை. மற்றவர்களுக்கு முப்பது நாற்பது ஆண்டுக்கு ஒரு முறை ராஜா மாறுகிறான், எதிரில் அதே ஆள் உட்கார்ந்திருக்கிறான்.

ஆகவே முதல் மருந்து காலத்தைக் குறைப்பது. ஐந்நூறு, ஆயிரம் ஆண்டு வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். அதே விதையில் 100, 150, 250 என மூன்று இடத்தில் நிறுத்திப் பாருங்கள். வரலாறு ஓடும்போதே நடுவில் நிறுத்தி, அதுவரை நடந்ததை வைத்துக்கொள்ள முடியும். கோப்ளின் மற்றவர்களைத் தாண்டும் ஆண்டு எது என்று தெரிந்துவிட்டால் அதற்குச் சற்று முன் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. தம்பியின் உலகத்தில் அது 180-ஐ ஒட்டி இருந்தது. உங்களுடையதில் வேறாக இருக்கும்.

காலத்தைக் குறைக்க மனமில்லை, நீண்ட வரலாறுதான் வேண்டும் என்றால் நிலத்துக்கு வாருங்கள். குள்ளர்கள் மலையில்தான் தொடங்குவார்கள். மலை என்றால் ஆட்டத்தின் உயரக் கணக்கில் 300-க்கு மேல். கடல் 100-க்குக் கீழ், இடைப்பட்டதெல்லாம் சமநிலமும் மேடும். உலகத்தில் ஒரே ஒரு மலைத்தொடர் இருந்து, அதன் அடிவாரத்திலேயே கோப்ளின் கோட்டையும் அமைந்துவிட்டால் குள்ளர்களுக்குப் பின்வாங்க இடமில்லை. ஒரு தோல்வி வந்தால் எல்லாம் போய்விடும். உயரப் பங்கீட்டில் மேல்தட்டின் எடையைக் கொஞ்சம் கூட்டி, குறைந்தபட்சச் சிகரங்களின் எண்ணிக்கையையும் கூட்டினால் மலைகள் இரண்டு மூன்று இடங்களில் பிரிந்து வரும். ஒரு குள்ள நாகரிகம் அழிந்தாலும் இன்னொன்று வேறு மூலையில் உயிரோடு இருக்கும். ஓர் இனத்துக்கு இரண்டு வீடு கொடுப்பது, அதன் எதிரியைப் பாதியாக வெட்டுவதைவிட நன்றாக வேலை செய்கிறது. இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

எங்கள் வட்டாரத்துக் கதையே அதுதான். தகடூர் என்று அன்றைக்குப் பெயர் பெற்ற தர்மபுரியில் அதியமான் நெடுமான் அஞ்சியின் கோட்டை பலவீனமானது என்று யாரும் சொன்னதில்லை. தொண்டைமானோடு போர் மூளாமல் இருக்க ஔவையாரே தூது போனார். ஒரு பக்கத்துப் பகையை அப்படிச் சமாளிக்கலாம். ஆனால் சுற்றிலும் பெரிய அரசுகள், ஒதுங்க வேறு மலையில்லை. கடைசியில் பெருஞ்சேரல் இரும்பொறை வந்து தகடூரை எறிந்தான், பட்டப்பெயராகவே அது நிலைத்துவிட்டது. ஆட்டத்தில் ஒற்றைக் கோட்டை நாகரிகம் ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதியமான் நினைவு வரும்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது நாகரிக மக்கள் தொகையின் உச்சவரம்பு. உலகம் அந்த எண்ணைத் தொட்டுவிட்டால் பெருக்கம் அடங்கிவிடும். அப்போது சாகிறவர்கள் குறைந்துகொண்டே வருவார்கள், சாகாதவர்கள் அப்படியே இருப்பார்கள். நீண்ட வரலாறு ஓட்டுகிறவர்கள் இந்த வரம்பைக் கூட்டினால் குள்ளருக்கும் மனிதருக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். கணினியின் மூச்சு வாங்கும் என்பது வேறு கதை, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இவ்வளவும் செய்து பார்த்துச் சரியாகவில்லை என்றால் மட்டும் ரா கோப்புகளை, அதாவது இனங்களின் குணங்களும் விதிகளும் எழுதியிருக்கும் கோப்புகளைத் தொடுங்கள். நாகரிகங்களை வரையறுக்கும் கோப்பில் ஒவ்வோர் இனமும் அதிகபட்சம் எத்தனை நாகரிகங்களாகத் தொடங்கலாம் என்று ஒரு வரி இருக்கும். வழக்கமாக அது 100, அதாவது நடைமுறையில் தடை இல்லை. கோப்ளினுக்கு மட்டும் அதை 2 அல்லது 3 ஆக்குவது நாகரிகமான சிகிச்சை. அவர்கள் குணம் மாறாது, தொடங்கும் இடங்கள் மட்டும் குறையும்.

முரட்டுச் சிகிச்சையும் ஒன்று உண்டு. உயிரினக் கோப்பில் கோப்ளினுக்கும் அதிகபட்ச வயது என்ற வரியைச் சேர்த்து மனிதர்போல 60 முதல் 120 என்று போட்டுவிடலாம். நான் ஒருமுறை அப்படிச் செய்து பெருமையாக 500 ஆண்டு ஓட்டினேன். கோப்ளின் அடங்கியது. உலகத்தின் பாதியை எல்ஃப்கள் பிடித்துக்கொண்டார்கள். எல்ஃபுக்கும் முதுமைச் சாவு இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சாகாதவர் இரண்டு பேர் ஒருவரையொருவர் தடுத்துக்கொண்டு இருந்தார்கள், நான் ஒருவரை எடுத்துவிட்டேன். வெட்டிக் குறைப்பதைக் கடைசிக்கு வைக்கச் சொன்னது இதனால்தான்.

அறிகுறி: எல்ஃப்கள் நூறாண்டுக்குள் காலி

இது நேர் எதிர்க் கோளாறு. மரத்தை வெட்டுவது எல்ஃபுக்கு நினைத்தே பார்க்க முடியாத பாவம், குள்ளருக்கும் மனிதருக்கும் அது அன்றாட வேலை. மறுபக்கம், போரில் விழுந்த எதிரியைத் தின்பது எல்ஃபுக்குச் சாதாரணம், குள்ளருக்கு அதைக் கேட்டாலே குமட்டும். வரலாறு ஓடும்போது நாகரிகங்களுக்கு இடையில் போர் மூளுவதற்கு இந்த அறநெறி வேறுபாடு பெரிய காரணம். சாலையை அகலப்படுத்தப் புளியமரங்களை வெட்டினால் ஊரே கூடி நின்று சண்டை போடுவதைப் பார்த்தவர்கள் எல்ஃபைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் மரத்தாலான ஆயுதத்தோடு இரும்புக்காரர்கள்மேல் பாய்ந்தால் என்ன ஆகும்?

சரிசெய்ய இரண்டு வழி. எளியது மழை. எல்ஃப்கள் காட்டில்தான் தொடங்குவார்கள், காடு கூடினால் அவர்களுக்கு இடம் கூடும். ஆட்டத்தில் ஒரு கட்டம் காடாக வேண்டுமென்றால் மழை அளவு 66-க்கு மேலும், வடிகால் 33-க்கு மேலும் இருக்க வேண்டும். மழை இருந்து வடிகால் குறைந்தால் அது சதுப்பு. மழை 33 முதல் 65-க்குள் நின்றுவிட்டால் புதர்க்காடு, மேடு. இதையே மறந்துவிட்டு மழையை மட்டும் கூட்டி, சேற்றில் எல்ஃபைத் தேடியவர்கள் உண்டு. இரண்டையும் சேர்த்துக் கூட்டுங்கள். மலை மழையைத் தடுக்கும் அமைப்பும் ஒன்று இருக்கிறது. அது இயங்கினால் மலைத்தொடரின் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் காய்ந்த தரை. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையை வாங்கிக்கொண்டு மிச்சத்தை நமக்கு அனுப்புவதைப் போன்றது. காட்டை மலையின் ஈரப்பக்கத்தில் மட்டும் எதிர்பாருங்கள். அந்தப் பக்கத்திலேயே குள்ளர் கோட்டையும் இருந்தால் எல்ஃப்கள் கதை சீக்கிரம் முடியும்.

இரண்டாவது வழி அறநெறி வரியை மாற்றுவது. எல்ஃபின் மரக்கொலை நெறியை "நினைக்க முடியாதது" என்பதிலிருந்து "அவரவர் விருப்பம்" என்ற நிலைக்கு இறக்கினால் போர்கள் குறையும். வேலை செய்கிறது, ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் அது காது நீண்ட மனிதர்தான், எல்ஃப் இல்லை.

அறிகுறி: எல்லாரும் இருக்கிறார்கள், ஆனால் சண்டையே இல்லை

200 ஆண்டு ஓடியும் லெஜண்ட்ஸில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு போர் இல்லை. வரைபடத்தைத் திறங்கள். பெரும்பாலும் நடுவில் கடல் இருக்கும். இந்த ஆட்டத்தில் கப்பலேறிப் படை போகாது. தீவுக்கு ஓர் இனம் என்று பிரிந்துவிட்டால் எல்லாரும் தனித்தனியே வாழ்ந்து முடிப்பார்கள். சமநிலைதான், ஆனால் கல்லறைச் சமநிலை. கடலின் பங்கைக் குறைத்து ஒரே பெருநிலமாக வரும்வரை வரலாற்றுக்குப் போகாமல் வரைபடத்தை மட்டும் பார்த்துப் பார்த்துத் தள்ளுங்கள்.

கடல் இல்லை என்றால் இடம் அதிகம். மிகப் பெரிய உலகம் 257 கட்டத்துக்கு 257. அதில் பத்துப் பன்னிரண்டு நாகரிகங்களைத் தூவினால் பக்கத்து ஊரைப் பார்க்கவே தலைமுறைகள் ஆகும். 65-க்கு 65 அளவுள்ள சிறிய உலகத்தில் அதே எண்ணிக்கை நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். நாகரிக எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட உலகத்தைச் சுருக்குவது மேல். எண்ணிக்கையைக் கூட்டினால் யாருக்குப் பொருத்தமான நிலம் நிறைய இருக்கிறதோ அவர்களே அதிகமாக நிரம்புவார்கள், பலவீனமானவர்களுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

அறிகுறி: எல்லையில் ஓர் ஊர் ஓயாமல் கைமாறுகிறது

கோளாறு இல்லை. அதைச் சரிசெய்யாதீர்கள். கிருஷ்ணகிரி, இராயக்கோட்டை எல்லாம் சேர்ந்த பாராமகால் பதினெட்டாம் நூற்றாண்டில் ஹைதர், திப்பு, கம்பெனி என்று பட்ட பாட்டைப் படித்தவர்களுக்கு இது புரியும். 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில்தான் அது கம்பெனி கைக்குப் போனது. இரண்டு சம பலசாலிகளுக்கு நடுவில் இருக்கும் மலைக்கோட்டை நாடு அப்படித்தான் இருக்கும். உங்கள் உலகத்தில் அப்படி ஓர் ஊர் இருந்தால் சமநிலை நன்றாக இருக்கிறது என்று பொருள். நான் என்றால் கோட்டை கட்டுவதற்கு அதற்குப் பக்கத்துக் கட்டத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

அறிகுறி: ஊர் அமைத்தாயிற்று, இரண்டு முறைக்கு மேல் குடியேறிகள் வரவில்லை

உங்கள் தாய் நாகரிகம் செத்துவிட்டது, அல்லது சாகும் தறுவாயில் இருக்கிறது. முதல் இரண்டு குடியேற்ற அலைகளும் தாய் நாகரிகத்தின் நிலை என்னவாக இருந்தாலும் வந்துவிடும். மூன்றாவதிலிருந்து அங்கே ஆள் இருந்தால்தான் வரும். தம்பி சொன்ன "ராஜா இல்ல" என்பதும் இதே நோயின் இன்னொரு அடையாளம்.

புறப்படும் முன் எந்த நாகரிகத்திலிருந்து கிளம்புகிறோம் என்று தேர்ந்தெடுக்கலாம், ஆட்டம் முதலில் காட்டியதையே எடுக்க வேண்டியதில்லை. லெஜண்ட்ஸில் ஒவ்வொரு குள்ள நாகரிகத்துக்கும் உயிரோடிருக்கும் அரசர் உண்டா, கையில் எத்தனை ஊர் என்று பார்த்துவிட்டு வாருங்கள். ஏற்கெனவே கிளம்பிவிட்டீர்கள் என்றால் இருப்பவர்களின் பிள்ளைகளை நம்பித்தான் ஓட்ட வேண்டும். கடினம், ஆனால் நான் விளையாடியதில் மறக்க முடியாத கோட்டைகள் அப்படி வந்தவைதான்.

அறிகுறி: பகை இருக்கிறது, முற்றுகை வரவில்லை

முதலில் கடின அளவு அமைப்பைப் பாருங்கள். எதிரிகளை அணைத்துவிட்டு மறந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களில் ஒருவன் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். அடுத்து, இடம் தேர்ந்தெடுக்கும்போது அண்டை நாட்டார் பட்டியலில் கோப்ளின் இருந்ததா என்று பாருங்கள். எட்ட முடியாத இடத்தில் இருந்தால் எவ்வளவு பகை இருந்தும் பயனில்லை. மூன்றாவது, வழக்கமான அமைப்பில் கோட்டையின் மக்கள் தொகை 80-ஐ நெருங்கிய பிறகுதான் பெரிய படை கிளம்பும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் உங்கள் சமநிலை வைத்தியம் அளவு மீறிப் போயிருக்கிறது. வருகிற படை வானத்திலிருந்து குதிப்பதில்லை, அந்த நாகரிகத்தின் ஊர்களில் இருக்கும் உண்மையான ஆட்கள்தான். கோப்ளினுக்கு வயதையும் வைத்து, தொடக்க எண்ணிக்கையையும் குறைத்து, வரலாற்றையும் சுருக்கினால் அனுப்ப ஆள் எங்கே இருக்கும்? மூன்றில் ஒன்றைத் திரும்பப் பழையபடி ஆக்குங்கள்.

அறிகுறி: யாரும் வெல்லவில்லை, மிருகமும் பிணமும் வென்றன

முதல் நூறாண்டிலேயே நாகரிகங்கள் வரிசையாக விழுந்து, ஊர்களை அழித்தவர் பட்டியலில் டிராகன், டைட்டன் என்று வந்தால் மிருக எண்ணிக்கை உலகத்தின் அளவுக்குக் கூடுதல். பெரிய உலகத்துக்கான எண்ணைச் சிறிய உலகத்தில் அப்படியே விட்டதுதான் வழக்கமான காரணம். பாதியாக்கிப் பாருங்கள். ஆனால் பூஜ்யமாக்கினால் கோப்ளினையும் தடுக்க ஆளில்லாமல் போகும். கோபால்டுகள் மட்டும் காணாமல்போனால் குகைகளைக் கூட்டுங்கள். அவை குகையில் தொடங்கும், பெரிய மிருகங்களும் குகையில்தான் படுத்திருக்கும்.

பிணங்கள் எழுந்து நடந்து ஊர் ஊராகப் பிடித்தால் காரணம் மந்திரவாதிகள். சாவை வெல்லும் ரகசியம் ஒருவனுக்குக் கிடைக்கும், அவன் சீடர்களுக்குச் சொல்வான், ஆளுக்கொரு கோபுரம் எழும்பும். அந்த ரகசியங்களின் எண்ணிக்கை அமைப்பில் இருக்கிறது. ஒன்றிரண்டு போதும். பூஜ்யமாக்கினால் அந்தத் தொல்லையே இல்லை, கொஞ்சம் சுவையும் குறையும்.

அறிகுறி: உலகம் நிராகரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது

நீங்கள் கேட்டவை ஒன்றோடொன்று முரண்படுகின்றன. சிகரங்கள் இத்தனை வேண்டும் என்று சொல்லிவிட்டு உயரத்தின் மேல் எல்லையைக் குறைத்திருப்பீர்கள், அல்லது சின்ன உலகத்தில் எல்லா வகை நிலமும் கேட்டிருப்பீர்கள். கடைசியாக மாற்றிய எண்ணைப் பழையபடி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அறிகுறி: வருடங்கள் நகரவே இல்லை

முதல் ஐம்பது ஆண்டு பறக்கும், போகப்போக எருமை மாட்டு வண்டி. ஊர்களும் வரலாற்று மாந்தர்களும் பெருகப் பெருக ஒவ்வோர் ஆண்டுக்கும் கணக்கு கூடுகிறது. அதிகபட்ச ஊர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், உலகத்தைச் சுருக்குங்கள். மடிக்கணினியில் மின்கலம் செத்திருந்தால் கரண்ட் எப்போது போகும் என்று பார்த்து ஓட்டுங்கள். வரலாறு பாதியில் நின்றுபோனால் மிச்சம் எதுவும் இருக்காது.

அறிகுறி: ரா கோப்பை மாற்றினேன், ஒன்றும் மாறவில்லை

நடந்து முடிந்த வரலாறு திரும்ப ஓடாது. கோப்பை மாற்றினால் புதிய உலகம் செய்ய வேண்டும். ஆட்டத்தோடு வந்த கோப்பையே திருத்தினால் அடுத்த புதுப்பிப்பில் உங்கள் திருத்தம் அழிந்துபோகும், அதனால் தனி மோடாக, அதாவது ஆட்டத்தோடு சேர்க்கும் தனித் திருத்தத் தொகுப்பாக வைத்து, உலகம் செய்யும்போது அதைத் தேர்ந்தெடுங்கள். அதைத் தேர்ந்தெடுக்க மறப்பதுதான் பாதிப் பேரின் பிரச்சினை. அப்படியும் நடக்கவில்லை என்றால் ஆட்டம் எழுதிவைக்கும் பிழைப்பதிவுக் கோப்பைத் திறங்கள். சதுர அடைப்புக்குறி ஒன்று விடுபட்டிருந்தாலும் அங்கே முனகியிருக்கும்.

பிழைப்பதிவிலும் ஒன்றும் இல்லை என்றால் வரி சரி, இடம் தவறு. தம்பிக்கு நடந்தது அதுதான். மூன்று இரவு உட்கார்ந்து மூன்று உலகம் செய்திருக்கிறான். கோப்ளினுக்கு வயது போட்டும் கோப்ளின் சாகவில்லை என்று புலம்பினான். கோப்பை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். கோப்ளின் பகுதி முடிந்து அடுத்த உயிரினம் தொடங்கிய பிறகு அந்த வரியைச் சேர்த்திருந்தான்.

"அப்ப இந்த மூணு உலகமும் வீணாண்ணா? அழிச்சிடட்டுமா?"

"விதை எண்ணு நாலையும் நோட்டுல எழுதிட்டு அழி. மூணாவதுல மலை ரெண்டா பிரிஞ்சிருக்குன்னு சொன்னயே, அதை மட்டும் வெச்சிரு. நாளைக்கு நூத்தம்பது வருசத்துல நிறுத்திப் பாப்போம்."